பின்னால் ஐந்து பேர்

மூன்றாவது ஞாயிறும் சைபருக்கு சைபர்.
பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
தோல் ஏற்றும் வேன் ஒன்று நிற்கிறது.
அதன் பின்கண்ணாடியில் ஒரு வாரப் புழுதி.
அதுதான் எங்கள் கரும்பலகை.

முனவ்வர் விரலால் வட்டம் போடுகிறான்.
"கீப்பர் இங்க கீறான். அவனுக்கு முன்னால அஞ்சு பேரு.
அஞ்சு பேரு இன்னாத்துக்குபா?
பந்தி பரிமாறவா?"
அவன் ஆட்டோவின் முன் டயரைவிட
தேய்ந்துபோயிருந்தது தொண்டை.

ஏசுபாதம் தோல் அளக்கிற மெஷினில் வேலை செய்கிறவன்,
எதையும் சதுர அடியில் யோசிப்பான்.
"கிரவுண்ட பாரு. எடது பக்கம் மேடு, வலது பக்கம் முள்ளு.
போன வருஷம் முன்னால நாலு பேர நிறுத்தி
வாணியம்பாடிகிட்ட ஆறு வாங்கினோம், மறந்துட்டியா?"

"ஆறு வாங்கினோம். ரெண்டு போட்டோம்ல?
அந்த ரெண்டுக்குத்தான்டா
இன்னும் வந்துகினு கீறேன்."

இதற்குக் கொஞ்ச நேரம் யாரிடமும் பதில் இல்லை.

கோச் சம்பங்கி எங்களோடு நிற்பதில்லை.
ஆட்டம் முடிந்ததும் பந்துப் பையைத் தோளில் மாட்டி
கழுத்து விசிலைக்கூடக் கழற்றாமல்
மொபெட்டை மிதித்துக்கொண்டே கிளப்பிப் போய்விடுவார்.
திட்டுவதற்கு அது வசதி.

நான் எடைமேடையில் உட்காருகிறவன்.
லாரி உள்ளே வரும்போது ஓர் எடை
வெளியே போகும்போது ஓர் எடை
கழித்தால் மிஞ்சுவது சரக்கு.
வாங்கியதும் இல்லை, போட்டதும் இல்லை,
இது என்ன லோடு என்று
மூன்று வாரமாகச் சீட்டு எழுத முடியவில்லை எனக்கு.
கணக்குப்படி சம்பங்கி சரி.
வயிற்றெரிச்சல்படி முனவ்வர் சரி.

ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள் சவுந்தரி.
ஏற்றுமதி அவசரம், ஞாயிறும் ஓவர்டைம்.
ரைட் பேக் ஆடுகிறவன் அவள் தம்பி.
டிபன் பையை இடுப்பில் மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"பதினோரு பேர்ல ஆறு பேரு நைட் ஷிப்ட்டு.
ராத்திரி பத்துக்கு டிரம்மு சுத்த ஆரம்பிச்சா
காலைல ஆறுக்குத்தான் நிக்கும்.
ஏழரைக்கு உங்க மேட்ச்சு.
நின்னுகினே தூங்குறவன எங்க நிறுத்துவாரு அந்த ஆளு?
கோல் போஸ்ட்டு பக்கமா.
சாஞ்சிக்க ஒரு கம்பமாவது இருக்கும்."

ஏசுபாதத்தின் முகம் ஜெயித்தவன் முகமாக இல்லை.
முனவ்வர் ஒரு வட்டத்தை அழிக்கப் பார்த்தான்.
எந்த வட்டம் இரவு ஷிப்ட், எந்த வட்டம் பகல் என்று தெரியாமல்
விரல் காற்றில் நின்றது.

"அப்ப ஷிப்ட்டதான் மாத்தணும்."
"மாத்தச் சொல்லு."
"யாருகிட்ட?"
"முதலாளிகிட்ட."
எல்லாரும் கண்ணாடியைப் பார்த்தோம்.
பனியன் வாங்கிக் கொடுத்தவர் அவர்.
பதினோரு முதுகிலும் நம்பருக்கு மேலே
அவர் டேனரியின் பேர்.

சவுந்தரி பஸ்ஸில் ஏறும்போது திரும்பினாள்.
"அங்க போனாலும் நீங்க
அஞ்சு பேரு பின்னாலதான் நிப்பீங்க."

அதற்குச் சிரித்தது நான் மட்டும்.
சிரித்த பிறகுதான் எண்ணினேன்,
நாங்கள் ஐந்து பேர்தான்.

அதற்குள் டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து
யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்துவிட்டான்.
கீப்பர், ஐந்து பேர், ஒற்றை ஜலாலுத்தீன்,
அம்புக்குறி, முனவ்வர் போட்ட கேள்விக்குறி
எல்லாம் ஒன்றாக நகர்ந்தன.
"வண்டி எங்கடா போவுது?"
"ஆம்பூருக்கு."
அடுத்த ஞாயிறு எங்களுக்கு
ஆம்பூரோடுதான் ஆட்டம்.

முனவ்வர் ஓடினான்.
ஒரு செருப்பு கழன்றது, நிற்கவில்லை,
கையை நீட்டிக்கொண்டு புகையும் புழுதியுமாக.

மூன்று வாரத்தில் எங்கள் தரப்பில் ஒருத்தன்
முன்னால் ஓடியது அதுதான்.

பின்னாலிருந்து ஏசுபாதம் கத்தினான்:
"ஆஃப்சைடு!"